இரண்டு பதினாறு

"செவ்வாய். 8.05 கதவு. 8.10 யன்னல். 8.20 சீல் குத்தினேன். 9.00 பெட்டி திறந்தேன், கடிதம் 13. 9.40 கையில் தந்தது ஒன்று. 10.00 பஸ், பை போயிற்று. 10.20"

பத்து இருபதுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. உள்ளங்கையளவான கோடு போட்ட கொப்பி அது. நான் எழுதிய முதலாவது குறிப்புக் கொப்பி. அதற்குப் பிறகு அறுபத்தொரு கொப்பிகள் எழுதிவிட்டேன். மழை பெய்த நாள், பஸ் ஓடாத நாள், சந்தியில் சோதனை கூடிய நாள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஆனால் அலுமாரியைத் திறந்தால் கை போவது முதல் கொப்பிக்குத்தான்.

வருடமும் மாதமும் அதன் மட்டையில் இருக்கின்றன. இங்கே அவற்றை எழுதவில்லை, ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டிவிடும். யுத்தத்தால் வடக்கிலிருந்து வந்தவர்களின் கிடுகுக் கொட்டில்கள் பாலாவியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகும் வீதியோரத் தென்னந்தோட்டங்களில் நிறைந்திருந்த காலம் என்று சொன்னால் போதும். கிழமைகளும் மணிகளும் கொப்பியில் உள்ளபடியே தருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என் ஊரான உடப்பிலிருந்து போய், கற்பிட்டிக் குடாநாட்டுக் கரையில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் ஒரு பிழை பதிவானால் நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று நியமனக் கடிதத்தின் மூன்றாவது பந்தியில் இருந்தது. அந்தப் பந்தியை எனக்குப் பாடமாகத் தெரியும்.

சேர்வதற்கு முன்னைய இரண்டு கிழமையும் சாப்பாடு இறங்கவில்லை. நிறைய வாசித்தவள் என்று ஊரில் எனக்குப் பெயர். வாசித்தது எதுவும் கவுண்டருக்குப் பின்னால் நிற்க உதவாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வந்தால் எனக்குக் கூட்டல் மறந்துபோனது. ஆகவே இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தேன். ஒன்று, முகத்தைப் பார்ப்பதில்லை. வலையின் கீழ் இடைவெளியால் உள்ளே வரும் கையை மட்டும் பார்ப்பது. கை கேள்வி கேட்காது, முறைக்காது. மற்றது, செய்யும் ஒவ்வொன்றையும் மணியோடு எழுதுவது. எழுதிய பிறகு அது முடிந்த வேலை. அதைப் பற்றி நடுங்கத் தேவையில்லை.

இரண்டும் நன்றாகவே உதவின. அதுதான் பிறகு பிரச்சினையாயிற்று.

திங்கட்கிழமை, முதல் நாள், பஸ்ஸை வழியில் சோதனைச்சாவடியில் மறித்துச் சோதித்தார்கள். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்து, மறுபடி ஏறினோம். எட்டு மணிக்கு நிற்கவேண்டிய நான் எட்டு முப்பத்தைந்துக்குக் கந்தோரில் கால் வைத்தேன். தபாலதிபர் அந்த ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டிய முஸ்லிம். கதிரையில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு பாணைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வா புள்ள. முதல் நாளே லேட்டு. உன்ட சம்பளம் இன்னும் வரல்ல, அதுக்குள்ள பென்சன் எடுத்த ஆள் மாதிரி வாற."

"பஸ்ஸ மறிச்சாங்க, சேர்."

"மறிப்பாங்க. நாளைக்கும் மறிப்பாங்க. நாளைக்கு ஆறு மணிக்கு வெளிக்கிடு."

அன்று முழுவதும் அவர் செய்ததை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். திகதிச் சீலை எடுப்பார், மையில் ஒற்றுவார், முதலில் ஒரு பெரிய கொப்பியில் ஒரு தரம் குத்திக் கையெழுத்து வைப்பார், பிறகுதான் கடிதங்களில் குத்துவார். அந்தக் கொப்பி எதற்கென்று கேட்டேன். "இண்டைக்கு இந்தச் சீல் சரியா இருந்திச்சி எண்டதுக்குச் சாட்சி" என்றார்.

சீலின் வாயில் சின்ன ஈய இலக்கங்கள் உண்டு. தினமும் காலையில் திருகாணியைத் தளர்த்தி, பழைய இலக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அன்றைக்கு உரிய பதினாறை அவர் எட்டு மணிக்கே வைத்துவிட்டார். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததால் எழுதவில்லை.

பின்னேரம் மூன்றரைக்குப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். பதினொரு கடிதம். எல்லாவற்றிலும் என் கையாலேயே பதினாறு குத்தினேன். நான்கு மணி பஸ்ஸில் பை போயிற்று.

செவ்வாய்க்கிழமை அவர் ஏதோ அலுவலாகப் புத்தளம் போனார். கதவின் திறப்பை முதல் நாளே என்னிடம் தந்திருந்தார். ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன். யாரும் மறிக்கவில்லை. என் கொப்பியில் இருந்த ஒழுங்குப்படி கதவு, யன்னல், மை, சாட்சிக் கொப்பி, கையெழுத்து என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். எதுவும் விடுபடவில்லை என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை இன்றும் உடம்பு நினைவில் வைத்திருக்கிறது.

ஒன்பதுக்குப் பெட்டியில் பதின்மூன்று. ஒன்பது நாற்பதுக்கு ஒரு கை, கடிதத்தைப் பெட்டியில் போடாமல் கம்பிக்குக் கீழால் நீட்டியது. உப்பில் வெடித்த விரல்கள். கடல் தொழில் செய்யும் கை.

"இண்டைக்குப் போகுமா?"

"ஓம். பத்து மணி பஸ்ஸில."

கை ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது.

பத்து இருபதுக்குப் பதிவுத் தபால் அனுப்ப ஓர் அம்மா வந்தார். பற்றுச்சீட்டில் குத்திக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் சிரித்தார்.

"புள்ள, இது நேத்து. நேத்து நான் வாசலத் தாண்டல்ல. இத எங்கட ஊட்டுக்காரர் கண்டாரெண்டா எங்க போனாயெண்டு கேப்பார்."

சீலைத் திருப்பிப் பார்த்தேன். பதினாறு.

பை போய் இருபது நிமிடம். பதினான்கு கடிதமும் முந்திய நாள் திகதியோடு பாலாவி தாண்டியிருக்கும். இலக்கத்தை மாற்றி, அந்த அம்மாவின் சீட்டைச் சரிபண்ணிக் கொடுத்தேன். சாட்சிக் கொப்பியில், நான் காலையில் குத்திய பதினாறுக்குக் கீழே பதினேழைக் குத்தினேன். முதல் நாள் பதினாறுக்கு அடுத்த வரியில் இன்னொரு பதினாறு. அதன் பக்கத்தில் என் கையெழுத்து, அழகாக.

ஒருவருக்கும் சொல்லவில்லை. தபாலதிபர் இரண்டு நாள் கழித்துக் கொப்பியைப் புரட்டியபோது கண்டுபிடித்தார். சத்தம் போடவில்லை.

"இந்த மாசத்துல ரெண்டு பதினாறா புள்ள? அப்ப எனக்கு ஒரு நாள் சம்பளம் கூட வரோணும்."

நான் அழுதேன். "சரி, சரி. கடுதாசிதானே, ஆரும் செத்துப்போகல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த கிழமை வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள். என்னைவிட எட்டுப் பத்து வயது கூட இருக்கும். சிலாபத்துக்கு அருகே கரையோரத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம் அவளுடையது. கணவர் பருவத்துக்குப் பருவம் எங்கள் கரைக்கு வந்து, வாடி என்று சொல்லும் கொட்டில் போட்டுத் தங்கி மீன்பிடிப்பவர். அவள் என் கவுண்டரில் ஒரு கடித உறையை வைத்தாள்.

"பிள்ளை, இந்தச் சீல் இஞ்சத்தையோ?"

"ஓம்."

"திகதி என்னெண்டு வாசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஆக்கள் வேற வேற மாதிரிச் சொல்லுதுகள்."

பிறகு அவளே கதையைச் சொன்னாள். முந்திய கிழமை திங்கட்கிழமை மத்தியானம் கணவரைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். வாடிக்காரர் இரண்டு பேர் கண்டார்கள். அவள் போய் விசாரித்தபோது, பின்னேரமே விட்டுவிட்டோம், நடந்து போனார் என்று பதில் வந்தது. வாடிக்கு அவர் திரும்பவில்லை. அதே கிழமை வியாழக்கிழமை இந்தக் கடிதம் வீட்டுக்கு வந்தது. நான் சுகம், புதன்கிழமை வருவேன் என்று இரண்டே வரி. உள்ளே திகதி இல்லை.

"திங்கள் போட்ட கடிதமெண்டா பிடிக்க முதல் போட்டது. செவ்வாய் போட்டதெண்டா விட்டது மெய். அந்தாள் உசிரோட எங்கயோ நிக்குது. அதுதான் கேக்கிறன்."

உறையைப் பார்த்தேன். பதினாறு. வட்டம் இரட்டையாக விழுந்திருந்தது. பயத்தில் நான் அந்த நாட்களில் சீலை அப்படித்தான் அடிப்பேன், திங்களும் செவ்வாயும் ஒரே மாதிரி. முதல் நாளின் பதினொன்றில் ஒன்றாகவும் இருக்கலாம். இரண்டாம் நாளின் பதினான்கில் ஒன்றாகவும் இருக்கலாம்.

அவள் அடையாள அட்டைப் படத்தின் பிரதி ஒன்றையும் வலையில் ஒட்டிப் பிடித்தாள். "இந்த ஆள் வந்தவரோ?" நான் அந்தக் கிழமை ஒரு முகத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை. கழுத்துக்கு மேலேதான் படம். கைகள் அதில் இல்லை.

தபாலதிபர் பின்னால் இருந்து தொண்டையைக் கனைத்தார். மூன்றாவது பந்தி எனக்கு ஞாபகம் வந்தது.

"பதினாறு எண்டு இருக்கு, அக்கா. திங்கள்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். உறையைச் சேலைத் தலைப்பில் சுற்றினாள். "சரி. அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, வெயிலில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். அன்றைய பக்கத்தில் என் குறிப்பு: "11.15 சீல் பற்றி ஒருவர் கேட்டார். சொன்னேன்." வாசிப்பவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியாது.

அவள் போன பிறகு தபாலதிபரிடம் கேட்டேன்.

"சொல்லியிருக்கோணும், என்ன சேர்?"

"என்னத்த?"

"சீல் பிழையெண்டு."

"அந்தக் கடுதாசி செவ்வாய்க்கிழம வந்தது எண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த ஆள்தான் கொண்டு வந்து போட்டார் எண்டு தெரியுமா? வேற ஆரும் அவருக்காகப் போட்டிருந்தா?"

"தெரியாது."

"அப்ப தெரியாத ஒண்டச் சொல்லி அந்தப் பொம்புளைய எந்தப் பக்கம் அனுப்பப் போற?"

அவர் பயந்த மனிதர் அல்ல, கல்நெஞ்சரும் அல்ல. வடக்கிலிருந்து வந்த குடும்பமொன்றைத் தன் வளவில் குடிவைத்திருந்தார். அதற்குப் பிறகு சீலைக் குத்தும் ஒவ்வொரு தடவையும் கீழே கடிதம் இருக்கிறதா, கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே குத்தினேன். பகலில், நாலு பேர் நிற்கும்போது, அந்தக் கம்பி இடைவெளியில் உப்பில் வெடித்த கை அப்படியே வந்து நிற்பது போலத் தெரியும். இண்டைக்குப் போகுமா என்று யாராவது கேட்டால் சீலைத் திருப்பிப் பார்த்துவிட்டே பதில் சொல்வேன்.

பதினேழு நாள் தாங்கினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, என் ஊரில் இறங்காமல் அவளுடைய கிராமத்துக்குப் போனேன். வந்த அன்று பதிவுத் தபாலாக ஒரு கடிதமும் எங்கோ அனுப்பச் சொல்லி அவள் தந்த விலாசம் எங்கள் புத்தகத்தில் இருந்தது. அப்படி எடுத்துப் பார்த்ததும் ஒரு குற்றம்தான்.

அவள் வீட்டுக் கொடியில் ஒரு கறுப்புச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. கதிரை போட்டாள், தேநீர் தந்தாள். புதன்கிழமை முப்பத்தோராம் நாள், பூசைக்குச் சொல்லியிருக்கிறேன் என்றாள். திங்கட்கிழமையிலிருந்து கணக்கு. இறந்த ஆன்மாவுக்காக என்று கோவிலில் பெயர் வாசிப்பார்கள்.

நான் சொன்னேன். பஸ் மறித்தது, இலக்கம் மாற்றாதது, பதினொன்று, பதினான்கு, பத்து இருபது என்று எல்லாவற்றையும். கொப்பியைத் திறந்து காட்டினேன்.

அவள் அந்தப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். "கையில் தந்தது ஒன்று" என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது ஆர்?"

"முகம் பாக்கல்ல, அக்கா. கை மட்டும்தான் பாத்தனான். அவர்ட கையில ஏதும் அடையாளம் இருந்ததோ?"

"தூண்டில் கிழிச்ச காயம். சுட்டுவிரல்ல." பிறகு தானே சொன்னாள். "எங்கட ஊரில எந்த ஆம்பிளைக்கு இல்ல?"

எனக்குக் காயம் ஞாபகம் இல்லை. வெடிப்பு மட்டும்தான். இருந்தது என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய்.

"அண்டைக்கு ஏன் தங்கச்சி திங்கள் எண்டு சொன்னனீங்க?"

"வேலை போயிடுமெண்டு பயம்."

அவள் எழுந்துபோய்க் கொடியிலிருந்த கறுப்புச் சேலையை இழுத்துச் சுருட்டினாள். பாதி ஈரம். பிறகு கோவிலுக்குப் போய் வந்தாள். பூசை நிற்காது, ஆனால் இறந்த ஆன்மாவுக்காக என்று வாசிக்காமல் ஒரு குடும்பத்தின் தேவைக்காக என்று வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"வாயால சொன்னா ஆரும் எடுக்க மாட்டாங்கள். எழுதித் தாங்க."

இன்ன திகதி செவ்வாய்க்கிழமை காலை 10.20 வரை, என்னுடைய கவனக்குறைவால், முந்திய நாளின் சீல் பாவிக்கப்பட்டது. இந்த ஒரு வசனத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தக் கடிதம் அன்று போடப்பட்டது என்று நான் எழுதவில்லை. தெரியாததை எழுதக் கூடாது என்று, என்னுடைய வாழ்க்கையில் முதல் தடவையாக, மிகக் கவனமாக இருந்தேன். ஒரு பிரதியைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அது இப்போதும் இருக்கிறது.

கணவரைப் பற்றி முன்பு விசாரித்த இடத்தில் அவள் அந்தத் தாளைக் கொடுத்தாள். எட்டுக் கிழமையில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தகுதிகாண் காலத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டினார்கள். தபாலதிபரையும் மேலிடத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திரும்பி வந்தவர், "நீ சொல்லாம விட்டிருந்தா நான்தான் சொல்லியிருப்பனோ என்னமோ. தெரியா" என்று மட்டும் சொன்னார். இனிமேல் காலையில் சீலை நானே மாற்றுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவளுக்குப் பதில் வர ஐந்து மாதம் எடுத்தது. சிங்களத்தில் இருந்தது. அதை என்னிடமே கொண்டுவந்தாள், வாசித்துச் சொல்லுமாறு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி வாசித்தேன். வாசிக்கும்போதே பொருள் விளங்கியது. தபால் உத்தியோகத்தரின் எழுத்துமூல வாக்குமூலத்தின்படி, குறித்த நபர் செவ்வாய்க்கிழமை சுதந்திரமாக நடமாடிக் கடிதம் அனுப்பியுள்ளார். ஆகவே திங்கட்கிழமை அவர் விடுவிக்கப்பட்டமை உறுதியாகிறது. மேலும் விசாரிக்க அவசியமில்லை.

நான் எழுதாத வசனம். நான் எழுதியதிலிருந்து எடுத்த வசனம்.

"முழுக்க வாசிச்சீங்களோ?"

"ஓம், அக்கா."

"அப்ப அவர விட்டது மெய்தானே?" என்றாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா, என்னைச் சோதிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. அப்போதெல்லாம் நான் முகங்களைப் பார்க்கப் பழகியிருந்தேன். பார்த்தும் விளங்கவில்லை.

"அப்பிடித்தான் எழுதியிருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடமாக, பருவம் தொடங்கி வாடிகளுக்கு ஆட்கள் வரும் மாதங்களில், அவளும் வருவாள். கரையில் இறங்கி ஒவ்வொரு வாடியாகக் கேட்பாள். வரும் நாட்கள் அநேகமாகச் செவ்வாய். எட்டு மணிக்கே கந்தோர் வாசலில் நிற்பாள். நான் திருகாணியைத் தளர்த்தி, இலக்கத்தை எடுத்து, புதியதை வைத்து, சாட்சிக் கொப்பியில் குத்தும்வரை வலையின் அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள்.

"இண்டைக்குச் சரியோ, தங்கச்சி?"

"சரி, அக்கா."

ஒரு முத்திரை வாங்குவாள். போய்விடுவாள். தபாலதிபர் பத்திரிகைக்கு மேலால் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். நான்காவது வருடம் எனக்கு வேறிடத்துக்கு மாற்றம் வந்தது. போகும் முன் அவளுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. கறுப்புச் சேலை அவள் பிறகு கட்டினாளா என்று கேட்கக்கூடிய ஒருவரும் எனக்கு அந்தக் கிராமத்தில் இல்லை.

வேலை நிரந்தரமாயிற்று. முப்பத்து மூன்று வருடம் செய்து ஓய்வு பெற்றேன். பிறகு ஒரு பிழைத் திகதியும் குத்தியதில்லை. இன்றும் காலையில் எழுந்தால் முதலில் நாட்காட்டித் தாளைக் கிழிப்பேன். பிறகு, கிழித்தது நானா, நேற்றே கிழிந்திருந்ததா என்று குப்பைக் கூடைக்குள் பார்ப்பேன்.

இதை எழுதத் தொடங்கியபோது கொப்பியை மறுபடி வரி வரியாகப் பார்த்தேன். திங்கள் பின்னேரம் பதினொன்று. செவ்வாய் காலை பதினான்கு. நான் குத்தியவை மொத்தம் இருபத்தைந்து உறைகள், எல்லாவற்றிலும் பதினாறு. அவளுடைய உறை அவற்றில் ஒன்று என்பது நிச்சயம். சாட்சிக் கொப்பி இப்போது எங்கே என்று கேட்டு இரண்டு தடவை எழுதினேன். பழைய பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று ஒரு பதில் வந்தது. இருந்திருந்தாலும் அதில் இரண்டு பதினாறுக்கு மேல் எதுவும் இருக்காது. அந்த உறை எந்த நாளுடைய பையில் போயிற்று என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.